எஸ்டிடி ரேட் இறங்குனது யாரால? பிரைவேட்டா, பிஎஸ்என்எல்லா?

தெக்கத்தி_ஆள்:
பிரைவேட்காரன் வந்ததாலதான் எஸ்டிடி, அதாவது வெளியூர் போன் கால், சல்லிசா ஆச்சுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, என்னால ஒத்துக்க முடியல. இந்தியா பூரா நிமிஷத்துக்கு 1 ரூபாய்னு 2006 மார்ச்ல ஒன்இந்தியா பிளான் கொண்டு வந்தது பிஎஸ்என்எல்லும் எம்டிஎன்எல்லும். ரெண்டும் கவர்மென்ட் கம்பெனி.

மஞ்சபோர்டு:
சரிண்ணே, அந்த 1 ரூபாய் 1996ல ஏன் வரல? எங்கப்பா எஸ்டிடி பூத் வச்சிருந்தார். ராத்திரி 11க்கு மேல கால்வாசி ரேட்டுங்கறதால கூட்டமே அப்பதான் வரும், பம்பாய்ல வேலை பாக்குற மகன்கிட்ட பேச வந்த அம்மா மீட்டர்ல காசு ஏறுற செவப்பு நம்பர் ஓடுறதையே பாத்துக்கிட்டு பேசும், பாதிப் பேச்சுல போன வச்சிட்டு சில்லறைய எண்ணி குடுக்கும். பிஎஸ்என்எல்லுக்கு முன்னாடி இருந்த கவர்மென்ட் டெலிகாம் டிபார்ட்மென்ட் தனி ஆளா இருந்த வரைக்கும் யாரும் அவங்கள குறைக்கச் சொல்லி நெருக்கல. 2000 ஆகஸ்ட்ல உள்நாட்டு எஸ்டிடிய தனியாருக்கு தொறந்தாங்க, 2002 தொடக்கத்துல ஏர்டெல் நடத்துற பார்தியோட எஸ்டிடி சேவை இந்தியாஒன் எறங்குற நேரத்துல பிஎஸ்என்எல்லும் சரசரன்னு ரேட்ட இறக்குச்சு. ஐஎஸ்டிலயும், அதாவது வெளிநாட்டு கால்லயும், விஎஸ்என்எல்ங்கற கம்பெனியோட ஏகபோகம் முடிஞ்சது 2002 மார்ச்லதான்.

தெக்கத்தி_ஆள்:
தம்பி, அப்ப எஸ்டிடில கூடுதல் ரேட் வச்சு வந்த லாபம் யார் பாக்கெட்டுக்கும் போகல. லோக்கல் காலையும் மாச வாடகையையும் அடக்க விலைக்கும் கீழ வச்சிருந்தாங்க, பட்டிதொட்டிக்கு கம்பம் நட்டு லைன் இழுத்தாங்க, எல்லாம் அந்தக் காசுதான். புதுசா வந்தவன் பணம் கொழிக்கிற ரூட்டத்தான் மொதல்ல பாப்பான். கிராமத்து நஷ்டத்த ஈடுகட்டத்தான் 2003ல ஏடிசின்னு, மத்த கம்பெனிங்க பிஎஸ்என்எல்லுக்கு குடுக்கற மாதிரி ஒரு கட்டணம் போட்டாங்க, 2008ல அதையும் எடுத்துட்டாங்க.

ஸ்விட்ச்ரூம்:
ரெண்டு பேரும் இன்டர்கனெக்ட்ட, அதாவது ஒரு கம்பெனி நெட்வொர்க்க இன்னொண்ணோட இணைக்கறத, விட்டுட்டீங்க. சென்னைலேர்ந்து டெல்லிக்கு எவன் வேணா ஃபைபர் போடலாம், ஆனா கால் ஆரம்பிக்கிற வீட்டு லைனும் போய்ச் சேர்ற வீட்டு லைனும் யார் கைல இருக்கோ அவன் இணைப்பு குடுத்தாதான் நடுவுல உள்ளவன் யாவாரம் பண்ண முடியும். அமெரிக்காவுல 1984ல, போன் சேவைய பெரும்பாலும் கைல வச்சிருந்த ஏடி&டிய உடைச்சப்ப லோக்கல் கம்பெனிய தனியா பிரிச்சு, எல்லா எஸ்டிடி கம்பெனிக்கும் சமமா லைன் குடுக்கணும்னு சொன்னாங்க, அங்க போட்டி சூடு புடிச்சதுக்கு அது பெரிய காரணம். நம்ம ஊர்ல எஸ்டிடி லைசென்ஸ் எடுக்கவே 100 கோடி கேட்டாங்க, 2006லதான் அது 2.5 கோடி ஆச்சு. இதுல பிரைவேட்டும் ஒண்ணும் யோக்கியம் இல்ல, 2016ல ஜியோ வந்தப்ப போதுமான இணைப்பு குடுக்கலன்னு ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூணு மேலயும் சேத்து 3,050 கோடி அபராதம் போடச் சொல்லி டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரை பண்ணுச்சு.

மஞ்சபோர்டு:
இது கரெக்ட் சார். ஆனா அத தட்டிக் கேக்க ட்ராய் மாதிரி ஒண்ணு 1997ல வந்ததே பிரைவேட்ட உள்ள விட்டதுக்கு அப்புறம்தானே?

தெக்கத்தி_ஆள்:
அப்ப இதுக்கு பதில் சொல்லு. 2024 ஜூலைல ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூணும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா மொபைல் ரீசார்ஜ் ரேட் ஏத்துச்சு. அந்த மாசம் அதே நம்பரோட கம்பெனி மாறி சனங்க ஓடுனது பிஎஸ்என்எல்லுக்குத்தான்.

மஞ்சபோர்டு:
ஓடுறதுக்கு இன்னொரு கம்பெனி இருந்துச்சுல்லண்ணே, நானும் அதத்தான் சொல்றேன். பிஎஸ்என்எல் கண்டிப்பா இருக்கணும், தனியா மட்டும் இருக்கக் கூடாது.

ஸ்விட்ச்ரூம்:
இருந்தா மட்டும் பத்தாது, அவங்க 4ஜி டவர் எல்லா ஊருக்கும் வந்து சேரணும். ஓடிப் போனவங்கள்ல பாதி பேராவது தங்குனாத்தான் மத்த மூணு பேரும் ரேட்டுல கை வைக்க யோசிப்பாங்க.