ஏரிக்கரைப் பூங்காவில் ஞாயிறு நெரிசல், எதிர்த்தெருவில் புகார்: எதை முதலில் பிடிப்பது?

ஏரித்தெரு:

வேலூரில் ஒரு ஏரிக்கரைப் பூங்கா. எந்த ஏரி என்று சொன்னால் பேச்சு வார்டு அரசியலுக்குப் போய்விடும், அதனால் அளவுகளை மட்டும் தருகிறேன். கரைமேல் நடைபாதை 600 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். வாசல் ஒன்றே ஒன்று, 1.2 மீட்டர். அது திறப்பது 18 அடித் தெருவில், இரண்டு பக்கமும் வீடுகள். வாசலை ஒட்டி இருபது தள்ளுவண்டிகள். மூடும் நேரம் இரவு 8.30.

"தண்ணி இல்லாத ஆறு" என்று பாலாற்றை வைத்துக் கேலி பேசிய ஊர் இது. கண்ணெதிரே தண்ணீர் நிற்கிற இடம் என்றால் கூட்டம் வரத்தான் செய்யும், அதில் யாருக்கும் குறை இல்லை. புகார்கள் வேறு: வீட்டு கேட்டை மறித்து பைக் நிறுத்துகிறார்கள், ஒன்பதரை வரை சத்தம், விளக்கு வெளிச்சம் படுக்கையறைக்குள் அடிக்கிறது, காம்பவுண்டுச் சுவரோரம் சிறுநீர்.

தெருக்காரர்கள் கேட்பது மூன்று: நுழைவுக் கட்டணம் 10 ரூபாய், ஏழு மணிக்கே மூடுவது, வண்டிக்கடைகளை எடுப்பது. பகுதி சபையில் வைக்க ஒரு திட்டம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. இதில் எது நடக்கும், எது நடக்காது?

கைக்கணக்கு:

மூன்றுமே நிலைமையைக் கெடுக்கும்.

ஏழு மணிக்கு மூடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இந்த ஊர் வெயிலுக்கு ஐந்தரைக்கு முன் கரைமேல் யாரும் கால் வைப்பதில்லை. மூன்று மணி நேரத்தில் பரவுகிற கூட்டத்தை ஒன்றரை மணிக்குள் திணித்தால் நெரிசல் கூடும். கட்டணமும் அப்படித்தான். சில்லறை தேடி ஒரு குடும்பத்துக்கு 20 விநாடி ஆனால் நிமிடத்துக்கு மூன்று குடும்பம்தான் உள்ளே போகும். மீதிப் பேர் நிற்பது அதே தெருவில், அதே கேட்டுகளுக்கு முன்னால்.

முதலில் எண்ணுங்கள். வாசலில் இரண்டு பேர், ஒருவர் உள்ளே போகிறவர்களை, இன்னொருவர் வெளியே வருகிறவர்களை எண்ண வேண்டும். கையில் அழுத்தும் எண்ணும் கருவி ஆளுக்கொன்று. ஐந்து மணி முதல் ஒன்பது வரை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்க வேண்டும். மூன்று ஞாயிறு, ஒரு வேலைநாள் போதும். உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்தால் அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். நாள் முழுக்க 3,000 பேர் வந்தார்கள் என்ற கணக்கால் பயனில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

அடுத்து, பாதை எத்தனை பேரைத் தாங்கும்? 2.5 மீட்டர் என்று தாளில் இருக்கும். பெஞ்சும் அதில் உட்கார்ந்தவர்களின் காலும் 90 செ.மீ. தின்றுவிடும். மீதி 1.6 மீட்டர். 600 மீட்டருக்கு 960 சதுர மீட்டர். குழந்தையோடு உலாவுகிறவருக்கு ஆளுக்கு 2.5 சதுர மீட்டர் என்று வைத்தால் சுமார் 380 பேர். 300 தொட்டால் எச்சரிக்கை, 380 தொட்டால் வாசலில் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது சராசரிதான். சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் ஒரே திருப்பத்தில் குவிவார்கள், அங்கே சதுர மீட்டருக்கு நான்கு பேர் நெருங்கிவிட்டால் ஒருவர் தடுக்கினாலும் ஆபத்து. அந்த இடத்தில் ஒரு பெஞ்சு கூட வைக்காதீர்கள்.

இனி வாசல். சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்பது விளையாட்டரங்குகளுக்குப் பயன்படுத்தும் கணக்கு. உங்கள் 1.2 மீட்டருக்கு 98 வரும். குழந்தை, பலூன், பின்னால் வருகிறவருக்காக நின்று திரும்பிப் பார்க்கிறவர் என்று பாதி குறையும், 50 என்றே வையுங்கள். விசில் ஊதியதும் 400 பேர் கிளம்பினால் எட்டு நிமிடம். உண்மையில் அடைப்பு வாசலில் இல்லை, அதைத் தாண்டித் தெருவில் இருக்கிறது. 18 அடி என்றால் 5.5 மீட்டர். இருபுறமும் பைக் நின்றால் பக்கத்துக்கு 1.8 மீட்டர் போய், மீதி 1.9. ஆம்புலன்ஸ் நுழையாது. ஒருபக்கம் மட்டும் நின்றால் 3.7 மீட்டர் கிடைக்கும், நுழையும். உங்கள் திட்டத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்.

கோட்டைமேடு:

இன்னா சார், கட்டணமே வேணாம்னா எப்படி? பார்க்கிங்குக்காவது 10 ரூபா வாங்கினா பாதிப் பேர் நடந்து வருவாங்க. வசூலாகிற காசுல ரெண்டு துப்புரவு ஆள் போடலாமில்ல.

கைக்கணக்கு:

பார்க்கிங் கட்டணம் தப்பில்லை, எதை முதலில் செய்வது என்ற வரிசை மாறினால்தான் தப்பு. தெருவில் கயிறு கட்டி மறிக்காமல், பக்கத்தில் ஒரு மைதானத்தைப் பார்க்கிங் ஆக்கி அங்கே டிக்கெட் போட்டால் ஒரு பைக் கூட மைதானத்துக்கு வராது, பக்கத்துச் சந்தில் நுழையும். புகார் ஒரு தெருவிலிருந்து மூன்று தெருவுக்குப் பரவும். அதனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டும் தொடங்க வேண்டும்: தெருவின் இரு முனையிலும் மாலை 4.30க்குத் தடுப்பு, வீட்டுக்காரர் வண்டிக்கு ஸ்டிக்கர், அதே நேரத்தில் மைதானம் திறப்பு.

ஒரு பைக் நிற்க 2 மீட்டருக்கு 80 செ.மீ. வேண்டும், வழியும் சேர்த்தால் மூன்று சதுர மீட்டர். 150 பைக்குக்கு 450 சதுர மீட்டர், ஒரு பள்ளி மைதானத்தின் மூலை. தூரம் 300 மீட்டருக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் நம்மாட்கள் நடக்க மாட்டார்கள், நடப்பதற்கென்றே பூங்காவுக்கு வந்தாலும்.

மதகடி:

எல்லோரும் பூங்கா என்கிறீர்கள். அது முதலில் ஏரிக்கரை. மண்கரை, உள்ளே நீர் அழுத்தம் இருக்கிற கட்டுமானம். பல ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. உங்கள் ஏரியும் அப்படியானால் கரைமேல் மாநகராட்சி ஒரு கம்பம் நட வேண்டுமானாலும் அவர்கள் அனுமதி வேண்டும். இதை விட்டுவிட்டுத் தீர்மானம் போட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

கூட்டத்தால் கரைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். வாசல் ஒன்றே என்பதால் பாதி வழியில் இறங்க நினைப்பவர்கள் வெளிச்சரிவில் குறுக்கே இறங்குவார்கள். இரண்டு மாதத்தில் அங்கே ஒற்றையடித் தடம் விழும், புல் செத்துவிடும், ஐப்பசி மழையில் அந்தத் தடமே வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். வேலி போட்டால் வேலியை வளைப்பார்கள். தடம் எங்கே விழுந்ததோ அங்கேயே படி கட்டுங்கள். 1.5 மீட்டர் அகலம், நடுவில் கைப்பிடி, படி உயரம் 15 செ.மீ. மக்கள் காலாலேயே வரைந்து காட்டிய இரண்டாவது வாசல் அது.

மின்கம்பத்துக்குக் கரை உச்சியில் குழி தோண்டாதீர்கள். அடித்தளத்தைச் சுற்றி மண் இறுகாமல் விட்டால் நீர் அந்த வழியாக இறங்கும். வெளிச்சரிவின் அடியில் ஈரமோ, கலங்கிய கசிவோ தெரிந்தால் அந்தப் பகுதியை அன்றே மூடிவிட்டு உதவிப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். மதகுக்குப் போகும் வழியில் கடை, பெஞ்சு எதுவும் கூடாது.

ஏரி கோடி போகும், அதாவது நிரம்பி வழியும் நாட்கள்தான் மிக மோசம். உபரி நீர் வழிகிற கலங்கல் மேல் பாசி பிடித்திருக்கும், கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று செல்ஃபி எடுக்க இறங்குவார்கள். நீர் வழியத் தொடங்கியதும் இரு புறமும் 20 மீட்டர் தள்ளித் தடுப்பு வைக்க வேண்டும். நாடாவை மட்டும் கட்டினால் குனிந்து போவார்கள், இரும்புத் தடுப்பு வேண்டும். மற்ற நாட்களுக்கு நீர்ப்பக்கக் கைப்பிடிக் கம்பி 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கு இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகாமல். நடுவில் கிடைமட்டக் கம்பி வைத்தால் சிறுவர்களுக்கு அது ஏணி. நூறு மீட்டருக்கு ஒரு மிதவை வளையம், 30 மீட்டர் கயிறோடு. பூட்டு போட்டு வைக்காதீர்கள்.

சட்டப்படி:

சத்தம் பற்றி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், பொதுவெளியில் இரவு பத்துக்கு மேல் அது கூடாது. அளவைவிட 10 டெசிபல் கூடினால் புகார் கொடுக்கலாம். கைபேசிச் செயலியில் வரும் எண் நமக்குத் தோராயம் தெரிய மட்டும், அதை வைத்து வாதாட முடியாது. அருகில் நூறு மீட்டருக்குள் மருத்துவமனையோ பள்ளியோ இருந்தால் அது அமைதி மண்டலம் ஆகலாம், அங்கே வரம்பு இன்னும் குறைவு.

ஆனால் உங்கள் தெருவில் ஒன்பது மணிக்குக் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி ஒலிபெருக்கி இல்லை என்று நினைக்கிறேன். பைக் ஸ்டார்ட், ஹாரன், பானிபூரி வண்டியைச் சுற்றி நின்று பேசுவது. மனிதப் பேச்சுக்கு எதிராக இந்த விதிகள் அதிகம் உதவாது. சத்தம் பிறக்கும் இடத்தை நகர்த்துவதுதான் வழி. காவலாளியின் விசிலும் புகார்ப் பட்டியலில் வரும், மறக்காதீர்கள். மூடும் நேரத்தில் விசிலுக்குப் பதில் ஒருவர் கடைசி முனையிலிருந்து வாசல் நோக்கி நடந்து வந்தாலே போதும், கூட்டம் முன்னால் நகரும்.

வண்டிக்கடைகளை "எடுப்பது" முடியாது. 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு உண்டு, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். இடம் மாற்றவும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். திடீரென்று லாரி கொண்டுவந்து அள்ளினால் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் இருபத்தைந்து வண்டி நிற்கும். பேசி நகர்த்துங்கள். மதகடி சொன்ன புதுப் படிக்கட்டுக்குக் கீழே வீடு இல்லாத இடம் இருந்தால் பாதி வண்டிகளை அங்கே வைக்கலாம். சாப்பாடு எங்கே போகிறதோ கூட்டம் அங்கே போகும், வாசல் நெரிசல் தானாகப் பிரியும். சுட்ட சோளக்கதிர் வண்டியை மட்டும் ஜன்னலுக்கு எதிரே நிறுத்த விடாதீர்கள், கரிப்புகை இன்னொரு புகாராகும். வண்டிக்கு ஒரு குப்பைக் கூடை, கடைசி வாடிக்கையாளர் 8.10க்கு. குப்பை வண்டி இரவு ஒன்பதுக்குள் வந்து போகட்டும். அதிகாலை நாலரைக்கு இரும்புத் தொட்டியை உருட்டினால் அதுவும் புகார்தான்.

ஏரித்தெரு:

ரொம்ப உபயோகம். இரண்டு சந்தேகம். சிறுநீர், விளக்கு இரண்டையும் யாரும் தொடவில்லை. அப்புறம், இரண்டாவது வாசல் என்றால் அந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்களே?

கைக்கணக்கு:

சிறுநீர்ப் பிரச்சினைக்கு அறிவிப்புப் பலகை, சாமி பட ஓடு எதுவும் பயன்படாது. கழிப்பறை எப்போது பூட்டப்படுகிறது என்று பாருங்கள். பல பூங்காக்களில் துப்புரவாளர் ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுப் போவார், கூட்டம் அப்போதுதான் வரும். மூடும் நேரத்துக்குப் பிறகும் அரை மணி திறந்திருக்க வேண்டும், மாலை நேர ஆள் தனியாக வேண்டும். பெண்கள் பக்கம் இருக்கைகள் ஆண்கள் பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், வரிசை அங்கேதான் நிற்கும். கழிவுத்தொட்டி கரைக்கு வெளியே, ஏரிக்குள் கசியாத தூரத்தில்.

விளக்கில் குற்றவாளி பெரும்பாலும் மூலையில் நிற்கும் உயர்கம்ப ஃபிளட்லைட். அதை அணைத்துவிட்டு 4 மீட்டர் கம்பத்தில் 3000 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. போடுங்கள், கரை உச்சியில் இல்லை, வெளிச்சரிவின் கீழே நீர்வளத்துறை காட்டும் இடத்தில். பணம் வரும்வரை இருக்கிற விளக்கின் வீட்டுப்பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பு. மூடிய பிறகு மூன்றில் ஒன்று எரியட்டும். தண்ணீர் ஓரம் முழு இருட்டு வேண்டாம்.

இரண்டாவது வாசல் பற்றி: அதை முதலில் "வெளியேற மட்டும்" என்று, மாலை ஏழுக்கு மேல் மட்டும் திறங்கள். அந்தப் பக்கத் தெருவிலும் அதே நாளில் பார்க்கிங் தடை. ஆறு வாரச் சோதனை என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள், தேதியோடு. அதுவரை புகாரை ஒரே எண்ணில், ஒரே நோட்டில் பதியுங்கள்: தேதி, நேரம், வீடு, என்ன புகார், 48 மணி நேரத்தில் என்ன செய்தோம். வாட்ஸ்அப் குழு வேண்டாம், இரண்டே நாளில் அது பட்டிமன்றம் ஆகிவிடும். இருபது புகார் இருபது வீட்டிலிருந்து வருகிறதா, இரண்டு வீட்டிலிருந்து வருகிறதா என்பது நோட்டில்தான் தெரியும். இரண்டு வீடு என்றால் அந்த இரண்டு வீட்டு வாசலை மட்டும் சரிசெய்வது எளிது.

கோட்டைமேடு:

காணும் பொங்கலுக்கு இந்தக் கணக்கெல்லாம் நிக்காது சார்.

மதகடி:

நிற்காது, அன்றைக்குத் தனித் திட்டம் வேண்டும். நடைபாதை ஒருவழி: பழைய வாசலில் ஏற்றம், புதுப் படியில் இறக்கம். 380 ஆனதும் நிறுத்தும் வரிசை தெருவில் நிற்கக் கூடாது, பார்க்கிங் மைதானத்திலேயே நிறுத்துங்கள். நிழலும் குடிநீரும் அங்கேதான் வேண்டும். சென்னை மெரினாவில் அன்று போலீசார் சிறுவர் கையில் பெற்றோர் கைபேசி எண் எழுதிய பட்டை கட்டுவார்கள், அதை நீங்களும் மைதானத்திலேயே கட்டிவிடலாம். காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் பத்து நாள் முன்பே கடிதம் போகட்டும். தை மாதத்தில் ஏரி நிறைந்திருக்கலாம், நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று முந்தின நாள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தடுப்பு வையுங்கள்.