டிஸ்க் இல்லாத சர்வர், நடுவுல ஒரே என்எஃப்எஸ்: எங்கே இடிக்கும்?

கோரிப்பாளையம்:
டிஸ்க் இல்லாத 20 சர்வரும் (நோடு) நடுவுல இருக்கிற ஒரே ஃபைல் சர்வர்ல இருந்து, என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா ஃபைலைப் பகிர்ற முறை) மூலமா ஓஎஸ்ஸை எடுத்து ஓடணும். இது எங்கே இடிக்கும்னுதான் கேள்வி. மதுரைப் பக்கம் இதை மாட்டினா முதல்ல சோதிக்க வேண்டியது என்எஃப்எஸ் இல்ல, கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு முடிஞ்சு சப்ளை வந்ததும் 20 நோடும் ஒண்ணா எந்திரிக்கும். நோடு அரை நிமிஷத்துல பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியா பூட் ஆகிற முறை) கேட்க ஆரம்பிச்சிடும். ரெய்டு கார்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டுற கார்டு) போட்ட ஃபைல் சர்வர் தயாராக மூணு நாலு நிமிஷம் ஆகும். பதில் வராத நோடு 'பூட் டிவைஸ் இல்லை'ன்னு கறுப்புத் திரையில நின்னுடும். பிறகு சர்வர் வந்தாலும் பல மதர்போர்டு தானா திரும்பக் கேட்காது.

ஃபைல் சர்வர், ஸ்விட்ச் ரெண்டுமே யூபிஎஸ்ல இருக்கணும் (ஸ்விட்சைத்தான் மறந்துடுறாங்க). நோடு பயாஸ்ல 'கரண்ட் வந்தாலும் ஆஃப்லயே இரு'ன்னு வச்சிட்டு, சர்வர்ல இருந்து வேக்-ஆன்-லான் (நெட்வொர்க் வழியா எழுப்புற சிக்னல்) அனுப்பி 15 நொடிக்கு ஒண்ணா எழுப்புங்க. சில போர்டுல கரண்ட் போயி வந்தா வேக்-ஆன்-லானே எடுபடாது. மொத்தமா வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் வச்சு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க.

திருநகர்:
எடுபடாத போர்டுக்கு ஐபிஎக்ஸ்இ-யை (ஸ்கிரிப்ட் எழுதக்கூடிய பிஎக்ஸ்இ புரோகிராம்) ஒரு பென்டிரைவுல போட்டுச் சொருகிடலாம்ணே. டிஹெச்சிபி (ஐபி முகவரி கொடுக்கிற சர்வீஸ்) கிடைக்கலைன்னா 10 நொடி பொறுத்துத் திரும்பக் கேள்னு ஸ்கிரிப்ட்ல எழுதிட்டா, சர்வர் வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். கெர்னலையும் (லினக்ஸோட மையம்) இனிட்ஆர்டியையும் (கெர்னல் முதல்ல ஏத்துற சின்ன ஃபைல் சிஸ்டம்) ஹெச்டிடிபியில எடுக்கச் சொல்லுங்க. பிஎக்ஸ்இ வழக்கமா ஃபைல் எடுக்கிற டிஎஃப்டிபி இயல்பா 512 பைட் அனுப்பி, ஒவ்வொண்ணுக்கும் பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். 80 எம்பி இனிட்ஆர்டிக்கு அது மாட்டுவண்டி.

இன்னொண்ணு, மேனேஜ்டு ஸ்விட்ச்ல ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்ல லூப் வராம தடுக்கிறது). பழைய வகையா இருந்தா லிங்க் வந்த பிறகும் 30 நொடி போர்ட் எதையும் கடத்தாது, அதுக்குள்ள பிஎக்ஸ்இ கைவிட்டுடும். நோடு போர்ட் எல்லாத்துலயும் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காம உடனே கடத்துற செட்டிங்) போடுங்க. இதைக் கவனிக்காம டிஹெச்சிபி கான்ஃபிக்கை ரெண்டு நாள் நோண்டுறவங்க உண்டு.

ஒத்தக்கடை:
கெர்னலுக்குக் கொடுக்கிற பூட் வரியில 'என்எஃப்எஸ் வெர்ஷன் 3, டிசிபி'ன்னு வெளிப்படையா எழுதுங்க. எழுதலைன்னா பழைய கெர்னல் வெர்ஷன் 2, யூடிபின்னு போய்க் கேட்கும். இன்னைக்கு இருக்கிற சர்வர் அதை ஏத்துக்காது. சர்வரோட எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல (எதை யாருக்குப் பகிரணும்ங்கிற பட்டியல்) 'நோ ரூட் ஸ்குவாஷ்' வேணும், இல்லைன்னா நோடோட ரூட் யூசர் அங்கே அதிகாரம் இல்லாத 'நோபடி' ஆகி பாதி சர்வீஸ் விழும். ஆனா அதை நோடு இருக்கிற விஎல்ஏஎன்-னுக்கு (ஸ்விட்ச்ல பிரிச்ச தனி நெட்வொர்க்) மட்டும் திறங்க, ஆபீஸ் நெட்வொர்க் பூராத்துக்கும் வேணாம்.

ரூட் ஃபைல் சிஸ்டத்தை (நோடு ஓடுற மொத்த ஃபைல் ட்ரீ) ரீட்-ஒன்லியா வச்சு, மேல ராம்ல ஓவர்லே (எழுதுறதைத் தாங்குற அடுக்கு) போடுறதுதான் சரி. எல்லா நோடும் ஒரே வார் (/var) டைரக்டரியில எழுதினா லாக் பதிவும் பிட் ஃபைலும் (ஓடுற புரோகிராமோட நம்பர்) ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அந்த ட்ரீயில நேரடியா அப்டேட்டும் அடிக்காதீங்க. லோக்கல் டிஸ்க்ல ஒரு லைப்ரரியை அழிச்சாலும் திறந்து வச்சிருக்கிற புரோகிராம் ஓடும். என்எஃப்எஸ்ல நோடு அதைத் திறந்து வச்சிருக்கிறது சர்வருக்குத் தெரியாது, அழிச்சிடும். நோடுல 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' வந்து புரோகிராம் சாகும். ட்ரீயை காப்பி எடுத்து, அதுல அப்டேட் பண்ணி, அடுத்த பூட்டுக்குப் பாதையை மாத்தி விடுங்க.

மேலூர் ரோடு:
பூட் ஆகி ஒரு நிமிஷத்துல ரெண்டு நோடு மட்டும் உறைஞ்சுடுது. பிங்கும் போகல. என்னவா இருக்கும்ணே?

ஒத்தக்கடை:
மெஷின்-ஐடி ஃபைலை (ஒவ்வொரு மெஷினுக்கும் தனி அடையாளம்) பாருங்க தம்பி. இமேஜ்ல அது நிரம்பியிருந்தா எல்லா நோடுக்கும் ஒரே ஐடி. கெர்னல் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டோட நம்பர்) காட்டி ஐபி வாங்கும். அப்புறம் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி (நெட்வொர்க்கைப் பார்த்துக்கிற சர்வீஸ்) எந்திரிச்சு, அந்த ஐடியை வச்சுத் திரும்பக் கேட்கும். ரெண்டு நோடுக்கும் ஒரே ஐபி கிடைச்சு, ரூட்டைத் தாங்குற கனெக்ஷனே அறுந்துடும். ஃபைலைக் காலி பண்ணுங்க, டிஹெச்சிபி அடையாளத்தை மேக்னு மாத்துங்க. அதுக்குப் பதிலா நெட்வொர்க் மேனேஜர் இருந்தா அந்தக் கார்டைத் தொடாதேன்னு சொல்லிடுங்க.

கோரிப்பாளையம்:
சர்வருக்கு டிஸ்க்கை விட ராம் முக்கியம். பூட்டுக்கு ஒரு நோடு 300 எம்பி படிச்சா 20 நோடுக்கு 6 ஜிபி. ஒரு கிகாபிட் கேபிள்ல நொடிக்கு 110 எம்பிதான் போகும், எப்படியும் 55 நொடி. எல்லாரும் படிக்கிறது அதே ஃபைல்தானே, 16 ஜிபி ராம் இருந்தா முதல் நோடுக்கு அப்புறம் டிஸ்க் பக்கமே போகாது. என்எஃப்எஸ் திரெட் (ஒரே நேரத்துல கோரிக்கைகளைக் கவனிக்கிற வேலையாள்) பல டிஸ்ட்ரோவுல 8-தான், 32 ஆக்குங்க.

மேலூர் ரோடு:
மெஷின்-ஐடிதாண்ணே, காலி பண்ணதும் சரியாயிடுச்சு. ஸ்வாப்பை (ராம் பத்தாதப்ப எழுதுற இடம்) என்எஃப்எஸ்லயே வைக்கலாமா?

திருநகர்:
வேணாம். மெமரி தீர்ந்துபோன நேரத்துலதான் ஸ்வாப் எழுதணும், அதை நெட்வொர்க்ல அனுப்பவும் மெமரி வேணும். அங்கேயே முட்டிக்கும். இசட்ராம் (ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிற ஸ்வாப்) போடுங்க.