க்ளான் தலைவரும் கறுப்பினப் போராளியும் ஒரே குழுவில்: நிஜமா?

செல்வி_மதுரை:
1971-இல் அமெரிக்காவின் டர்ஹம் நகரத்தில், கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கும் தகராறில், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறி இயக்கத்தின் உள்ளூர்த் தலைவர் ஒருவரும் கறுப்பினப் பெண் ஒருவரும் ஒரே குழுவுக்குத் தலைமை தாங்கினார்களாம். சினிமாவுக்காக ஊதிவிட்டதா? க்ளான்காரருக்கு அங்கே என்ன வேலை? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ராகவன்:
நிஜம்தான். ஆனால் அந்த க்ளான் தலைவர் சி.பி. எல்லிஸ் மனம் மாறி அங்கே போகவில்லை. வெள்ளையர் பக்கம் யாரும் விட்டுக்கொடுத்துவிடாமல் காவல் காக்கப் போனார். கூட்டத்தை நடத்திய பில் ரிடிக் பலே ஆள். நல்லவர்களை மட்டும் கூட்டிவைத்துப் பேசி என்ன பயன், எதிர்க்கிறவர்களும் உள்ளே வரட்டும் என்று எல்லிஸையும் கறுப்பினப் போராளி ஆன் அட்வாட்டரையும் இணைத் தலைவர்களாக்கிவிட்டார். அந்த அம்மா முன்பு ஒரு நகரசபைக் கூட்டத்தில் எல்லிஸைக் குத்தக் கத்தியை எடுத்தவர், பார்த்துக்கொள்ளுங்கள்!

பத்து நாள் கூட்டம். எல்லிஸ் அங்கேயே க்ளான் அங்கி, பிரசுரங்களைப் பரப்பிக் கண்காட்சி வைத்தார். கறுப்பின இளைஞர்கள் அதைப் பிய்த்தெறியப் போனபோது குறுக்கே நின்று தடுத்தவர் அட்வாட்டர். தேவாலயப் பாட்டுக்கு எல்லிஸ் தாளம் தப்பிக் கைதட்ட, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு நாள் இருவரும் தனியாகப் பேசும்போதுதான், இரண்டு பேர் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தால் பள்ளியில் ஏச்சு வாங்குவது தெரிந்தது. எல்லிஸ் கடனில் பெட்ரோல் பங்க் நடத்தி நொந்தவர். அட்வாட்டர் அடுத்தவர் வீட்டில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். இந்தத் தகராறில் அடிபட்டது இருவர் வீட்டுப் பிள்ளைகளும்தான். என்னைக் கேட்டால் எல்லாம் திரும்பியது அந்தப் பேச்சில்.

முருகேசன்:
சரி, பள்ளிகளில் என்ன மாறியது? இரண்டு பேர் சிநேகமானால் நிறவெறி போய்விடுமா?

ராகவன்:
போகாது. பள்ளிகள் சேர்ந்ததே நீதிமன்ற உத்தரவால்தான். குழு பரிந்துரை செய்யலாம், முடிவு கல்வி வாரியத்தின் கையில். அந்த வாரியத் தேர்தலில் எல்லிஸே நின்று தோற்றிருக்கிறார்.

கூட்டத்தின் கடைசி இரவு எல்லிஸ் தன் க்ளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்தார், பழைய கூட்டாளிகளின் பகையைச் சம்பாதித்தார். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அப்புறம் நடந்தது. அவர் தொழிற்சங்கத்துக்குப் போனார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்களே ஓட்டுப்போட்டு அவரைப் பொறுப்பில் உட்காரவைத்தார்கள்.

முருகேசன்:
சங்கக் கதை தெரியாது சார். தனி இழையாகப் போடுங்கள்.