துள்ளல் கிட்டார், உள்ளே அரசியல்: கார்டு ஏன் கொழகொழன்னு வருது?

கம்பிக்காரன்:
1980-களின் பிரிட்டிஷ் கிட்டார் பாப் பாணியில் ஒரு தமிழ்ப் பாட்டு. காதில் வைத்திருப்பது இரண்டு குழுக்களின் ஆல்பம்: ஹவுஸ்மார்ட்டின்ஸின் 'லண்டன் 0 ஹல் 4' (1986), மெக்கார்த்தியின் 'ஐ ஆம் எ வாலட்' (1987). ஈ மேஜர், 152 பிபிஎம் (நிமிடத்துக்கு 152 பீட்). விஷயம் வீட்டு வாடகை. கைவசம் இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார், கிட்டாரைக் கணினியில் சேர்க்கும் இன்டர்ஃபேஸ், ஆம்ப் மாதிரி ஒலி தரும் சிமுலேட்டர் மென்பொருள். கெய்ன் (சிக்னல் பெருக்கம்) குறைத்தும் கார்டுகள் (பல சுரம் சேர்ந்து ஒலிப்பவை) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மணி அடிப்பது மாதிரி இல்லை. பல்லவி: 'வாடகை உயர்வை வன்மையாகக் கண்டிக்கிறோம்'. துண்டறிக்கை வாடை அடிக்குது. எங்கே கை வைக்கலாம்?

ஒற்றைச்சுருள்:
முதலில் கார்டு பிடிக்கிற இடத்தை மாற்றுங்க. ஈ மேஜரை ஓப்பனாகப் பிடித்தால் தடித்த கம்பி எல்லாம் சேர்ந்து முழங்கும். 2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) போட்டு டி வடிவம் பிடிங்க. அதே ஈ, ஆனால் மெல்லிய நாலு கம்பி மட்டும். ஸ்ட்ரம் வேண்டாம், கம்பி கம்பியாக 4-3-2-3-1-3-2-3. நாலு பீட் கொண்ட ஒரு பாருக்கு எட்டு அடி (அடி என்றால் அரை பீட்), சரியாகப் பொருந்தும். சுண்டுவிரலால் முதல் கம்பியில் சஸ்-4 (கார்டின் மூன்றாம் சுரத்துக்குப் பதில் நாலாம் சுரம்) வைத்து எடுத்தால் அந்தத் துள்ளல் தானா வரும். பிக் (கம்பி மீட்டும் துண்டு) 0.60 மி.மீ., கம்பி புதுசு. பழைய கம்பியில் எந்த பெடலும் மணி அடிக்காது.

இரண்டாவது கிட்டார் அதையே வாசிக்கக் கூடாது. 7-இல் கேப்போ, ஏ வடிவம். அதுவும் ஈ தான், ஆனால் மேலே நிற்கும்.

கம்ப்ரசர் (உரத்த ஒலியை அடக்கிச் சமப்படுத்துவது) ஆம்புக்கு முன்னால். ரேஷியோ (அடக்கும் விகிதம்) 4:1, அட்டாக் (அடக்க எடுக்கும் நேரம்) 25 மில்லிசெகண்ட், குறைப்பு 5 டெசிபல் தாண்டாமல். அட்டாக்கை 5-க்குக் கொண்டுபோனால் பிக் படும் 'டிக்' செத்துப்போகும். இந்த இசைக்கு உயிரே அதுதான். 152-இல் இரண்டு அடிக்கு நடுவே 197 மில்லிசெகண்ட்தான் இருக்கு, அதனால் ரிலீஸ் (அடக்கியதை விட எடுக்கும் நேரம்) 120-க்குள். ஹம்பக்கரின் பலத்த சிக்னலைக் குறைக்க கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்குங்க.

பழுதுபார்ப்பவர்:
மேலே சொன்னதில் கடைசி வரி மட்டும் வேண்டாம். ட்ரெபிள் ப்ளீட் (உச்ச ஒலியைக் காக்கும்) கெப்பாசிட்டர் இல்லாத கிட்டாரில் வால்யூமை இறக்கினால் முதலில் போவது உச்ச ஒலிதான், சேறு அப்படியே இருக்கும். டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கரின் இரு சுருளில் ஒன்று மட்டும் வேலை செய்யும் வசதி (காயில் ஸ்ப்ளிட்) இருக்கா பாருங்க. இல்லையென்றால் பிக்கப் ஸ்விட்சை நடுவில் வைத்து, பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கத் திருகை ஒரு மி.மீ. இறக்குங்க. சிமுலேட்டருக்கு முன்னால் ஒரு ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), 250 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் வெட்டு. மிக்ஸில் 130 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டிடுங்க, அந்த இடம் பேஸ் கிட்டாருக்கு.

கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டி வையுங்க, நடுவில் வைத்தால் சுருதி ஏறும். போட்ட பிறகு மறுபடி ட்யூன். 7-ஆம் ஃப்ரெட்டில் இதை விட்டால் இரண்டு கிட்டாரும் சண்டை போடும்.

மூன்றாம்குரல்:
வரிக்கு வருவோம். கண்டிப்பவர் குரலில் ஏன் பாடணும்? மெக்கார்த்தியின் பாடகர் மால்கம் ஈடன் பல பாட்டில் தான் எதிர்க்கிற ஆளின் வாயாலேயே பேசுவார். மெட்டு இனிக்க இனிக்கத்தான் அந்த ஆள் அம்பலப்படுவான். ஹவுஸ்மார்ட்டின்ஸ் வேறு வழி. அவர்களின் 'ஃப்ளாக் டே' தேசியக்கொடி பற்றியது இல்லை. நம் பள்ளிக் கொடி நாள் மாதிரி, உண்டியல் குலுக்கி சட்டையில் காகிதக் கொடி குத்தும் நாள். தருமம் போட்டு வறுமை தீராது என்பது வாதம். 'ஹேப்பி அவர்' வேலை முடிந்து குடிக்கப் போகும் அலுவலகக் கும்பலைக் கிண்டல் பண்ணுது. அதுவே பிரிட்டனில் 3-ஆம் இடம் வரை போச்சு. இரண்டிலும் ஒரு காட்சி இருக்கு, கோஷம் இல்லை.

உங்கள் பல்லவியில் 14 ஒலித்துண்டு (சிலபிள்). இரண்டு பாரில் இருப்பதே 16 அடி. மூச்சு விட இடமில்லை, அதனால்தான் மேடைப் பேச்சாகுது. வீட்டுக்காரர் வாயில் கொடுங்க:

சுவரில் ஆணி அடிக்காதீங்க
மாசம் பொறந்தா மறக்காதீங்க

வரிக்குப் பத்துதான். மிச்சம் ஆறில் கிட்டார் சிரிக்கட்டும்.

கம்பிக்காரன்:
ஆணி வரி பிரமாதம். 'சுவரில்' என்பதின் 'சு'வில் மெட்டு ஒன்றரை அடி நீளுது. இழுத்துப் பாடலாமா?

மூன்றாம்குரல்:
கூடாது. குறிலை இழுத்தால் நெடிலாகிடும். 'படம்' இழுத்தா 'பாடம்'. நீளும் சுரத்தில் 'ஆணி'யின் ஆ, 'தீங்க'வின் தீ மாதிரி நெடில் விழணும். முதலில் தன்னன்னா போட்டுப் பாடி, எங்கே 'னா' விழுதுன்னு குறிச்சுக்கிட்டு அப்புறம் வார்த்தையை நகர்த்துங்க. 'ஆணி சுவரில் அடிக்காதீங்க'ன்னு திருப்பிப் போட்டாலே சரியாயிடும்.

கோரஸில் இரண்டாம் குரல் மூன்றாம் சுரம் மேலே. கடைசி 'ங்க'வை எல்லாரும் ஒரே நேரத்தில் மூடணும். 1986 டிசம்பரில் முதலிடம் போன 'கேரவன் ஆஃப் லவ்' வாத்தியமே இல்லாமல் குரலை மட்டும் நம்பியது. சொல் முடிகிற இடத்துக்காகவே ஒரு தடவை கேளுங்க.

பழுதுபார்ப்பவர்:
குரல் ஏறினதும் கிட்டாரில் 3 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் இறக்கிடுங்க. இல்லைன்னா ஆணி யாருக்கும் கேட்காது.