வெள்ளைத் தேநீர்: இரண்டாம் ஊற்றில்தான் பிடிபட்டது

வெள்ளைத் தேநீர் குடித்த பலரும் "வெந்நீருக்கு எதற்கு இவ்வளவு விலை?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் குடித்தது 'பை முதான்' என்ற வெள்ளைத் தேநீர் ரகம். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஃபூடிங் பகுதியில் விளைந்தது, நண்பர் ஒருவர் கொடுத்தார். ஒரு மொட்டும் அதை ஒட்டிய ஒன்றிரண்டு இளம் இலைகளும் சேர்ந்தது இந்த ரகம். மொட்டு மட்டும் என்றால் அது வெள்ளி ஊசி எனப்படும் யின்ஜென். விலையும் எகிறிவிடும்.

பாக்கெட்டைப் பிரித்தால் தேயிலை என்றே சொல்ல முடியாது, சருகுக் குவியல்! பச்சை, பழுப்பு, சாம்பல் எல்லாம் கலந்து, நடுநடுவே வெள்ளை ரோமம் போர்த்திய மொட்டுகள். அள்ளினால் கையில் கனமே இல்லை. இதை உருட்டுவதில்லை, வாணலியில் வாட்டுவதுமில்லை. பறித்த கொழுந்தைப் பரப்பி நெடுநேரம் வாடவிட்டு, அப்புறம் காயவைக்கிறார்கள், அவ்வளவுதான். இலை நசுங்காமல் முழுசாக இருப்பதால் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒரு ஸ்பூன் டஸ்ட் டீயின் எடைக்கு ஒரு ஸ்பூன் பை முதான் கிட்டவே வராது. 'வெந்நீர்' புகாரில் பாதி இந்த ஸ்பூன் கணக்கில்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. நான் சமையலறைத் தராசில் 4 கிராம் நிறுத்துப் போட்டேன்.

அதற்கு 200 மில்லி தண்ணீர். கொதித்ததும் இறக்கி, குமிழி அடங்கியதும் ஊற்றினேன், 90 டிகிரி இருக்கும். 70, 75 டிகிரி போதும் என்று சில பாக்கெட்டுகளில் போட்டிருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நசுக்காத இலையிலிருந்து சாறு மெதுவாகத்தான் இறங்கும், சூடும் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்று நிமிடத்தில் வெளிறிய வைக்கோல் நிறம் வந்தது. மேலே தூசி போல மிதந்தது மொட்டின் ரோமம்தான், பயப்பட வேண்டாம். முதல் மடக்கில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு ஏறியது. துவர்ப்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. கொஞ்சம் ஆறியதும் வெள்ளரிப்பிஞ்சின் மணம், அதன் பின்னால் காய்ந்த புல். நம் வழக்கப்படி ஆவி பறக்கக் குடித்திருந்தால் இதெல்லாம் தப்பிப்போயிருக்கும்.

அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றியபோதுதான் தேநீர் கண்ணைத் திறந்தது. நிறம் கூடியது, தேன் வாடை வந்தது, வாயில் ஒரு வழவழப்பு. அதற்கு மேலும் ஒன்றிரண்டு ஊற்று தாங்கியது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "டீத்தூள் போட மறந்துட்டியா?" என்று கேட்டார். இரண்டாவது ஊற்றை அவர் தொடவே இல்லை.

காஃபின் குறைவு, ராத்திரியும் குடிக்கலாம் என்று சொல்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். தேயிலைச் செடியில் காஃபின் அதிகம் சேர்வதே இளம் மொட்டிலும் கொழுந்திலும்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்த அன்று எனக்குத் தூக்கம் நன்றாகத் தள்ளிப்போனது.

நீலகிரியிலும் இலங்கையிலும் மொட்டை மட்டும் கிள்ளிப் பதப்படுத்தி 'சில்வர் டிப்ஸ்' என்று விற்கிறார்கள். குன்னூரில் வாங்கியதை அப்புறம் குடித்துப் பார்த்தேன். பூமணம் தூக்கலாக இருந்தது, ஆனால் ரொம்ப மென்மை. பால் டீ குடித்துப் பழகிய நாக்குக்கு, இலையும் சேர்ந்த பை முதான்தான் முதலில் சரிப்படும். 25 கிராம் வாங்கிப் பார்த்தால் போதும். மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும்.