நுவரெலியாவில் ஸ்டவுட் திருவிழா: வைக்கலாமா, கூடாதா?

பனிமூட்டம்:
ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் இரண்டு நாள் உள்ளூர் ஸ்டவுட் (கறுப்புப் பியர்) திருவிழா வைக்க நினைக்கிறோம். 1,868 மீற்றர் உயரத்துக் குளிருக்கு இதைவிடப் பொருத்தமான பியர் ஏது? நம் நாட்டு லயன் ஸ்டவுட்டை வெளிநாட்டு ரசிகர்களுக்குத் தெரிய வைத்தவர் பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (பாடகர் இல்லை, ஆங்கிலேயர்). நாமோ அதை ஐஸில் புதைத்து, வாசனையே தெரியாமல் விழுங்குகிறோம். கொஞ்ச நேரம் வெளியே வைத்து ஊற்றிப் பாருங்கள். முதலில் பழுப்பு நுரை, அப்புறம் கருக வறுத்த தானியத்தின் கோப்பி மணம், கடைசியில் கொக்கோக் கசப்பு. 100 மில்லி கிண்ணத்தில் நான்கு வகை, கூடவே சாப்பாடு. ஆதரவு தருவீர்களா?

கொழுந்துக்கூடை:
தரமாட்டேன் தம்பி. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். சம்பள நாளில் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கியதும் குறுக்குப்பாதையில் ஓடுவார், சாராயத் தவறணை வாசலில் அப்பாவைப் பிடிக்க. பிந்திவிட்டால் அந்த மாதம் அரிசி கடனுக்குத்தான். கணக்கையும் பாருங்கள்: லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 சதவீதம். அதில் நான்கு கிண்ணம் என்றால், 33.5 சதவீதச் சாராயத்தில் 105 மில்லி குடித்த மாதிரி. இதை ருசி பார்ப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய போத்தல்:
உள்ளூர் ஸ்டவுட் என்றால் எது? 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் தொடங்கிய லயன் பியர் தொழிற்சாலை 1990களின் இறுதியில் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இறங்கிவிட்டது. பெரிய கம்பனிப் போத்தலை மலையேற்றி விற்றால் அது உள்ளூர் கைவேலை ஆகிவிடாது. தவிர, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தையும் அனுசரணையையும் தடுக்கிறது. பதாகை கட்டினாலே சிக்கல்.

பனிமூட்டம்:
சட்டம் தெரியும் அண்ணே. கம்பனிப் பணம் வேண்டாம், நுழைவுச்சீட்டுக் காசில் நடத்துவோம். 21 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டோம், போயா (பௌர்ணமி) நாளைத் தவிர்ப்போம், மதுவரித் திணைக்கள அனுமதி இல்லாமல் ஒரு போத்தலும் திறக்கமாட்டோம். அக்கா போட்ட கணக்குத்தான் என்னை உலுக்கிவிட்டது. ஸ்டவுட் கறுப்பாக இருப்பதால் காட்டமாகவும் இருக்க வேண்டும் என்றில்லை. நிறம் வறுத்த தானியத்தில் வருவது. அயர்லாந்தின் பேர்பெற்ற ஸ்டவுட்டான டிராட் கின்னஸே 4.2 சதவீதம்தான். உரிமத்தோடு சிறிய அளவில் வடிப்பவர்கள் 4, 5 சதவீதத்தில் தர முன்வந்தால் மட்டும் வைப்போம்.

பழைய போத்தல்:
அப்படியானவர்களைக் கண்டுபிடித்த பிறகு திருவிழாவைப் பற்றிப் பேசுங்கள்.

கொழுந்துக்கூடை:
4 சதவீதம் என்றால் பேசலாம். ஆனால் ஏப்ரல் வேண்டவே வேண்டாம். கிரகரி வாவிக் கரை முழுக்கப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் இருக்கும். சம்பளக் கிழமையும் கூடாது.

பனிமூட்டம்:
சரி அக்கா, ஏப்ரலை விட்டுவிடுகிறோம். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சம்பளம் எந்தத் தேதியில் என்று சொல்லுங்கள், அதைத் தள்ளி நாள் பார்க்கிறேன்.

கொழுந்துக்கூடை:
விசாரித்துச் சொல்கிறேன். அதற்காக என் பெயரை ஆதரவுப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள் தம்பி.