கேரவன் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது, மீட்க முடியுமா?

நெடுவழி:
கேரவன் ரொம்ப நாளாக ஷெட்டில் நின்றது. உள்ளே விளக்கு, பம்ப்புக்கு இருப்பவை இரண்டு 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரிகள், தண்ணீர் ஊற்றும் வகை, பேரலல் இணைப்பு (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்). மெயின் சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தேன், ஆனாலும் இரண்டும் காலி. கழற்றித் தனித்தனியாக அளந்தால் ஒன்று 8.6 வோல்ட், இன்னொன்று 5.1. ஆட்டோமேட்டிக் சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

மின்முனை:
அவசரப்படாதீர்கள். சார்ஜர் நின்றுவிடுவதால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, வோல்டேஜ் ரொம்பக் குறைவாக இருந்தால் பல சார்ஜர்கள் வேலையையே தொடங்காது. முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள், அதாவது பிளேட், வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர், மீதியை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், இப்போதே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். ஆசிட் ஊற்றவே கூடாது. பெட்டி உப்பியிருந்தாலோ உள்ளே உறைந்திருந்தாலோ சார்ஜில் போடாதீர்கள்.

அப்புறம், நல்ல பேட்டரி ஒன்றைப் பேரலலாகக் கோர்த்தால் சார்ஜர் வேலையைத் தொடங்கிவிடும், கொஞ்சம் ஏறியதும் அதைக் கழற்றிவிடலாம்.

கம்பிக்காரர்:
கோர்ப்பது எனக்குப் பிடிக்காத வழி. பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் நல்ல பேட்டரியிலிருந்து கரண்ட் கட்டுப்பாடில்லாமல் பாயும், பக்கத்தில் ஹைட்ரஜன் வேறு இருக்கும். வோல்டேஜையும் கரண்டையும் நாமே வைக்கக்கூடிய பவர் சப்ளை கிடைத்தால் 14.4 வோல்ட், அதிகபட்சம் 5 ஆம்பியர் என்று வைத்து, காற்றோட்டமான இடத்தில், ஒவ்வொன்றாகப் போடுங்கள். காலியாகவே கிடந்து பிளேட்டில் சல்பேட் படிந்த பேட்டரி ஆரம்பத்தில் கரண்டே வாங்காது, மீட்டரில் வோல்டேஜ் மட்டும் சட்டென்று 14-க்கு ஏறி நிற்கும். பயப்படாமல் அப்படியே விடுங்கள், மீளக்கூடியதாக இருந்தால் மணிக்கணக்கில் மெதுவாகக் கரண்ட் கூடும். பெட்டி தொட முடியாத அளவு சுட்டால் நிறுத்துங்கள்.

முடிந்ததும் கழற்றி ஒரு ராத்திரி சும்மா வைத்து அளங்கள். 12.6 பக்கம் நின்றால் நம்பிக்கை உண்டு. 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போய்விட்டது, ஒரு செல் என்பது 2.1 வோல்ட். ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எல்லா செல்லும் 1.265 அருகில் வர வேண்டும், ஒன்று மட்டும் 0.05 பின்தங்கினால் அந்த பேட்டரியை மற்றதோடு சேர்க்காதீர்கள், நல்லதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

நெடுவழி:
பவர் சப்ளை வழியில் போனேன். 8.6 இருந்தது ஏறி 12.6-ல் நிற்கிறது, செல்களும் சமமாக இருக்கின்றன. 5.1 இருந்தது 10.4-க்கு மேல் வரவில்லை. நல்லதை இனி நம்பலாமா?

கம்பிக்காரர்:
வோல்டேஜை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். 5 ஆம்பியர் லோடு கொடுத்து 10.5 வரை ஓடவிடுங்கள், புதிதென்றால் சுமார் 20 மணி நேரம் தாங்கும். 10 மணி நேரம் வந்தால் பாதிக் கொள்ளளவு மிச்சம். சோதனை முடிந்த கையோடு முழுதாக சார்ஜ் செய்துவிடுங்கள்.

மின்முனை:
சுவிட்ச் அணைத்தும் இறங்கியதற்குக் காரணம் அநேகமாக கேஸ் அலாரம், பல வண்டிகளில் அதற்கு மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே இணைப்பு கொடுத்திருப்பார்கள். 0.1 ஆம்பியர் இழுத்தாலே நாளைக்கு 2.4 ஆம்பியர் ஹவர், உங்கள் 200-ம் மூன்று மாதத்துக்குள் காலி. அடுத்த முறை நிறுத்தும்போது நெகட்டிவ் ஒயரை பேட்டரி முனையிலேயே கழற்றிவிடுங்கள், 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் போடுங்கள்.